ஹெட் வேலை முடிந்ததிலிருந்து டர்போ இழுக்கவில்லை, அவசரம்

மேட்டுவண்டி (இரவு 9:12)
வணக்கம். எஞ்சின் ஹெட்டின் கேஸ்கெட் போய், ஹெட்டை இறக்கி அடிமுகத்தைச் சமமாகச் சீவி (ஃபேசிங்), புது கேஸ்கெட் போட்டு நேற்றுதான் லாரி வெளியே வந்தது. ஸ்டார்ட்டிங் அருமை, ஐடிலிங் அருமை. லோடு ஏற்றினால் இழுவையே இல்லை. சாதாரண மேட்டுக்கே மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. வேலைக்கு முன்னால் இப்படி இல்லை. டர்போ போய்விட்டதா? நாளை மாலை லோடு இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்14 (9:20)
எந்த எஞ்சின் அண்ணா? பழைய மெக்கானிக்கல் டீசல் பம்பா, கம்ப்யூட்டர் வைத்த காமன்ரெயிலா? செக் லைட் எரிகிறதா? புகை என்ன நிறம்? டர்போ விசில் கேட்கிறதா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படி?

ஊதுகுழல் (9:24)
இவ்வளவு கேள்வியே தேவையில்லை. கிளாம்ப்தான். ஹெட் வேலைக்கு, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது மேலிருந்து பார்த்தால் சரியாக உட்கார்ந்தது போல் இருக்கும். அடியில் கையை விட்டுத் தடவினால், கிளாம்ப் குழாயின் விளிம்பைத் தாண்டி ரப்பரை மட்டும் கடித்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் எண்ணெய் பிசுக்கோடு தூசி ஒட்டியிருக்கும். கையிலேயே தெரியும்.

கரும்புகை (9:31)
ஏன் எல்லாரும் காற்றுப் பக்கமே போகிறீர்கள்? எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைச் சுற்றுவது எக்ஸாஸ்ட் வாயு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் டர்பைனுக்குப் போக வேண்டியது வழியிலேயே கசிந்துவிடும். டிக் டிக் சத்தமும் கரிக் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய_பிஸ்டன் (9:40)
இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரின் வேக்குவம் ட்யூபை மாற்றி மாட்டியிருப்பார்கள். வேறொன்றுமில்லை. நாங்களெல்லாம் ஸ்கேனர் இல்லாத காலத்திலேயே காதால் கேட்டுச் சொன்னவர்கள்.

மேட்டுவண்டி (10:48)
மன்னிக்கவும், சாப்பிடப் போய்விட்டேன். காமன்ரெயில், நாலு சிலிண்டர். லைட் எரிகிறது, கோடு பி0299, அதாவது டர்போ அழுத்தம் போதவில்லை. புகை இல்லை. ஹோஸ் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்து, காற்று ஏற்றிப் பார்த்தாயிற்று, ஒரு குமிழிகூட இல்லை. ஸ்கேனரில் 1 பார் காட்டுகிறது. அப்படியென்றால் டர்போ நல்லாத்தானே இருக்கிறது? சென்சார் பொய் சொல்கிறதா?

ஸ்பேனர்14 (10:55)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் உள்ள சென்சார் காட்டுவது மொத்த அழுத்தம். வெளிக்காற்றே கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1 பார்தான். நீங்கள் பார்த்தது வெறும் காற்று, டர்போ கூட்டும் அழுத்தம் (பூஸ்ட்) இல்லை. லோடில் நன்றாக மிதித்தால் 2-க்குப் பக்கத்திலாவது வர வேண்டும். இப்போது ஒன்று செய்யுங்கள். எஞ்சினை ஓட்டாமல் சாவி மட்டும் போட்டு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அப்புறம் மேட்டில் முழுசாக மிதித்து எவ்வளவு என்று பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள்.

மேட்டுவண்டி (காலை 6:35)
சாவியில் 1.00. மேட்டில் 0.86. மிதிக்கும்போது விசில் முன்னைவிடச் சத்தமாக வருகிறது, நடுவில் ஒரு மாதிரி குமுறுகிறது. இதை நேற்றே எழுதியிருக்க வேண்டுமோ?

ஸ்பேனர்14 (6:50)
ஆமாம். குறைகிறது பாருங்கள், அதுதான் விஷயம். ஹோஸ் கசிந்தால் 1-ஐ ஒட்டி நிற்கும், பெரிதாகக் கீழே போகாது. எஞ்சின் உறிஞ்சுகிறது, காற்று வரவில்லை. டீசலில் காற்றை மறிக்க த்ராட்டில் கிடையாது, அதனால் எங்கேயோ அடைப்பு. விசில் பலமாக இருப்பதால் டர்போ சுற்றுகிறது. குமுறுவது, தள்ளிய காற்றுக்குப் போக வழியில்லாமல் திரும்பி வருவதாக இருக்கலாம். ஏர் ஃபில்டரில் ஆரம்பித்து மேனிஃபோல்டு வரை ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள்.

பழைய_பிஸ்டன் (7:05)
டீசலில் த்ராட்டில் கிடையாதாம்! தம்பி, ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) வைத்த புது எஞ்சின்கள் பலவற்றில் மேனிஃபோல்டு வாயிலேயே ஒரு தகடு உண்டு. எஞ்சினை நிறுத்தும்போது குலுங்காமல் அடங்க அதுவும் மூடும். அது பாதியில் சிக்கினாலும் இதே கதைதான்.

ஸ்பேனர்14 (7:11)
ஐயா, நான் சொன்னது பெட்ரோல் வண்டி மாதிரி வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை.

பழைய_பிஸ்டன் (7:13)
நீங்கள் எழுதியது "கிடையாது". மேலே அப்படியே இருக்கிறது, படித்துப் பாருங்கள். நேற்றைய ஆக்சுவேட்டரைப் பற்றிக் கேட்காதீர்கள், அப்போது எண்கள் வரவில்லை.

கரும்புகை (7:20)
அந்த ஈஜிஆரை அடைத்துவிட்டால் இந்தத் தகடு, கரி, தொல்லை எதுவும் இல்லை.

ஊதுகுழல் (7:26)
அடைத்தால் அடுத்த லைட் எரியும், மாசுச் சோதனையிலும் நிற்கும். ஆரம்பிக்காதீர்கள்.

கரும்புகை (7:29)
எரியட்டும். லைட்டா வண்டி ஓட்டுகிறது?

(இதன் பிறகு ஈஜிஆரை அடைக்கலாமா கூடாதா என்று பதினொரு பதிவுகள்.)

மேட்டுவண்டி (மதியம் 1:17)
தகட்டைப் பார்க்கலாம் என்று இன்டர்கூலரிலிருந்து மேனிஃபோல்டுக்கு வரும் குழாயைக் கழற்றினோம். தகடு தாராளமாக அசைகிறது. குழாயின் வளைவுக்குள் பனியன் துணி! ஹெட் இறங்கியிருந்தபோது தூசி போகாமல் இருக்கச் சொருகியது, எடுக்க மறந்துவிட்டார்கள். எண்ணெயில் ஊறி கறுப்பாக உருண்டை கட்டியிருந்தது. இப்போது மேட்டில் 2.1. எல்லாருக்கும் நன்றி, லோடுக்குக் கிளம்புகிறேன்.

ஊதுகுழல் (1:25)
அதனால்தான் சோப்புத் தண்ணீரில் குமிழி வரவில்லை. கசிவே இல்லையே. சரி, கிளாம்ப் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

ஸ்பேனர்14 (1:30)
அண்ணா, கிளம்புவதற்கு முன் ஒரு நிமிடம். துணி முழுசாக வந்ததா, ஓரம் கிழிந்திருந்ததா? துண்டு ஏதாவது மேனிஃபோல்டுக்குள் போயிருந்தால் வால்வு வரை போகும். துணியை விரித்து ஓரம் நாலும் இருக்கிறதா என்று பாருங்கள், மேனிஃபோல்டு வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய_பிஸ்டன் (1:42)
நான் சொன்ன தகட்டைப் பார்க்கப் போய்த்தான் துணி கிடைத்தது என்பதை யாரும் குறிப்பிடவில்லை.

ஸ்பேனர்14 (மறுநாள் காலை 8:03)
மேட்டுவண்டி அண்ணா? துணி முழுசா?

கரும்புகை (8:40)
லோடில் இருப்பார். ஈஜிஆர் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.