மண்ணெண்ணெயில் ஓடிய மிட்ஜெற்: எஞ்சின் பகுதியைச் சுத்தம் செய்வதில் ஒரு பிழை செய்துவிட்டேன், உதவுங்கள்

வட்டக்கச்சியான்

எல்லோருக்கும் வணக்கம். என் பெரியப்பாவின் 1965ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெற் காரை மூன்று மாதங்களுக்கு முன் வவுனியாவிலிருந்து லொறியில் ஏற்றி வட்டக்கச்சிக்குக் கொண்டுவந்தேன். 1098 சி.சி. எஞ்சின், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் எஸ்.யூ. காபுரேற்றர் இரண்டு. 1990களில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் பெரியப்பா இதை மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார். ஸ்டார்ட் செய்வதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பாராம். 1996இல் கிளிநொச்சியை விட்டுச் சனம் வெளியேறியபோது அப்பம்மாவையும் தையல் மெஷினையும் இதில்தான் ஏற்றிக்கொண்டு மல்லாவிக்குப் போனார். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவுக்குக் கட்டி இழுத்துச் சென்று ஒரு தகரக் கொட்டிலில் விட்டார். 2009இல் எங்கள் குடும்பத்தில் மிஞ்சிய ஒரே வாகனம் இது, அங்கே நின்றதால் மட்டுமே.

பெரியப்பாவுக்கு இப்போது 81 வயது. பொனற்றைத் திறந்து அவருக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எஞ்சின் பகுதி முழுவதும் ஒரு விரற்கடை தடிப்பில் கிறீஸும் கிரவல் தூசியும் இறுகிக் கிடக்கிறது. கோஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் எல்லாம் கழன்றுவிடும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். முதலில் எஞ்சினின் மேல்மூடியான றொக்கர் கவரைப் போட்டேன். மறுநாள் காலையில் வெறும் தகடாக, அவ்வளவு சுத்தமாக வந்தது. அந்த நம்பிக்கையில், எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்டாற்றின் மூடியை அதே வாளியில் போட்டேன். தண்ணீர் கொதிப்பதுபோல் நுரைத்தது. ஓடிப்போய்த் தடியால் தூக்கி எடுத்தபோது அது கரிபோல் கறுத்து, கசிவைத் தடுக்கும் கஸ்கற் உட்காரும் முகம் முழுக்கச் சிறு சிறு குழிகளாகிவிட்டது. காபுரேற்றர்கள் இரண்டும் அடுத்த முறைக்கென்று வாளிக்குப் பக்கத்தில்தான் இருந்தன. நினைத்தால் இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

இனி எதை எதால் கழுவுவது? எந்தப் பாகத்துக்கு என்ன பெயின்ற்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஏ9 ஓட்டி

வட்டக்கச்சியான், இவ்வளவு சிரமம் எதற்கு? எல்லாவற்றையும் கழற்றி மணல் வீசித் துடைக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரே நாளில் வெள்ளையாக வந்துவிடும். நான் என் லொறிச் சில்லுகளுக்கு அப்படித்தான் செய்தேன், இரண்டு வருடமாகப் பெயின்ற் உரியவில்லை.

பரந்தன் பழையவர்

தம்பி வட்டக்கச்சியான், முதலில் அந்த வாளியைச் சிறு பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையும். பரந்தனில் கோஸ்டிக் சோடா செய்த தொழிற்சாலையில், எண்பதுகளில் போரால் அது மூடப்படும்வரை வேலை பார்த்தவன் நான். ஆனையிறவு உப்பைக் கரைத்து அதில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், மறு பக்கம் கோஸ்டிக் சோடா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்கள் மேற்பார்வையாளர் என் அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்து, இதை வாசலோடு விட்டுவிட்டு வா என்றார். ஏன் என்று கேட்டேன். ஒரு துண்டு அலுமினியக் கம்பியை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார். உமது வாளியில் நீர் கண்டதைத்தான் நானும் அன்று கண்டேன். அலுமினியத்தைக் கோஸ்டிக் சோடா கரைத்துவிடும். மேலே வரும் குமிழி ஐதரசன், தீப்பற்றும் வாயு. கறுப்பாக எஞ்சியது, அந்த வார்ப்பில் கலந்திருந்த சிலிக்கனும் செம்பும் போன்றவை, அவை கரையாமல் மேலே படிந்துவிட்டன. றொக்கர் கவர் இரும்புத் தகடு, இரும்பைக் கோஸ்டிக் ஒன்றும் செய்யாது. அதனால் தப்பியது. கடைக்காரர் சொன்னது பாதி உண்மை, அந்தப் பாதி உம்மை ஏமாற்றிவிட்டது.

ஆகவே எதையும் எதிலும் போடுமுன் ஒரு காந்தத்தைக் கையில் எடும். பழைய றேடியோ ஸ்பீக்கரில் இருப்பது போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் ஓர் ஓரத்தில் ஊசியால் மெல்லக் கீறிப் பாரும். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம் அல்லது நாக (துத்தநாக) உலோகக் கலவை. வெள்ளையாகத் தெரியும் எதுவும் அந்த வாளிப் பக்கம் போகவே கூடாது. உம்முடைய எஞ்சினில் காபுரேற்றர், காபுரேற்றரிலிருந்து எஞ்சினுக்குள் கொண்டுபோகும் மனிபோல்ட் குழாய், தேமோஸ்டாற் மூடி எல்லாம் அந்தக் கூட்டம்.

கிறீஸுக்கு மண்ணெண்ணெயே போதும். இரவில் பூசி, ஈரச் சாக்கால் மூடிவிடும். காலையில் மரச் சீவலால் வழித்துவிட்டு, தேங்காய்த் தும்பைக் கட்டித் தேயும். கம்பித் தூரிகை அலுமினியத்தில் கோடு போடும், தும்பு போடாது. இடுக்குகளுக்கும் றேடியேற்றர் செதில்களுக்கும் பனை ஈர்க்கு. பிறகு சவர்க்காரத் தூள் கலந்த சுடுதண்ணீர். கடைசி அலசலுக்கு மட்டும் மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதைப் பாவியும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், அதன் மேல் பெயின்ற் பிடிக்காது. இன்னொன்று, இதைக் கிணற்றடியில் செய்யவேண்டாம். வழித்த அழுக்கை மரத்தூளில் பிரட்டித் தகரத்தில் சேர்த்து வையும். ஒரு கோப்பை மண்ணெண்ணெய் கிணற்றுக்குள் இறங்கினால் வீடே மாதக்கணக்கில் அதன் மணத்தைக் குடிக்கும்.

மற்றத் தம்பி சொன்ன மணல் வீச்சு லொறிச் சில்லுக்கு நல்லது, எஞ்சின் பாகத்துக்கு நான் ஒப்பமாட்டேன். மணல் துணுக்கு எந்த ஓட்டைக்குள்ளும் போய் உட்காரும். றொக்கர் கவருக்கு உள்ளே ஒயிலைத் தடுக்கும் தகடு ஒன்று உண்டு, அதன் பின்னால் ஒளிந்த மணல், எத்தனை தரம் கழுவினாலும் வராது. எஞ்சின் ஓடிச் சூடான பிறகு ஒயிலோடு சேர்ந்து பெயாரிங்குக்குப் போய்ச் சேரும்.

இனிக் காபுரேற்றர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல மனிதர்கள் ஆசையில் கெடுக்கிறார்கள். மேலே மணி கவிழ்த்ததுபோல் ஒரு மூடி இருக்கிறதே, அதற்குள் ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும். அந்த மணியும் அந்தப் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளந்து சேர்த்த சோடி. இரண்டு காபுரேற்றரையும் ஒரே தட்டில் கழற்றி வைத்து மாற்றிப் பூட்டினால் சோடி குலைந்துவிடும். ஒன்றை முழுதாக முடித்த பிறகே மற்றதைத் தொடும். முன்னதற்கு ஒரு புள்ளி, பின்னதற்கு இரண்டு புள்ளி என்று பென்சிலால் அடையாளம் வையும். மணியின் உட்புறத்தில் சாண்ட்பேப்பரோ பொலிஷோ படவே கூடாது. மண்ணெண்ணெய் காய்ந்த மஞ்சள் பிசின் அங்கே ஒட்டியிருக்கும். பழைய வேட்டித் துணியைத் தின்னரில் நனைத்து வைத்து வைத்துத் துடைத்தால் வந்துவிடும். பிஸ்டனின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி வளையாமல் பார்த்துக்கொள்ளும். பூட்டிய பின், மேலே ஒயில் விடும் தண்டைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை விரலால் முழுதாக உயர்த்தி விட்டுவிடும். தடையில்லாமல் விழுந்து "டிக்" என்று உலோகம் உலோகத்தில் பட வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் வெளியே எவ்வளவு பளபளத்தாலும் வேலை முடியவில்லை.

தேமோஸ்டாற் மூடியை இன்னும் எறிய வேண்டாம். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400 இலக்கச் சாண்ட்பேப்பரை ஒட்டி, ஒரு சொட்டு ஒயில் விட்டு, முகத்தைக் கவிழ்த்து எட்டு எழுதுவதுபோல் தேயும். முதலில் முகம் முழுக்கப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டால் எங்கே பள்ளம் என்று தெரியும். கோடுகள் அழிந்தும் குழிகள் நின்றால் வேறு தேட வேண்டியதுதான். மொறிஸ் மைனர் காரிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான். கழற்றிய மூடி கிடைத்தால் உம்முடையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும்.

பெயின்றைப் பற்றி இரவு எழுதுகிறேன்.

வவுனியா வயர்மன்

ஐயா சொன்னதோடு மின்சாரப் பக்கத்தையும் சேர்க்கிறேன். 1965 மிட்ஜெற்றில் பற்றரியின் நேர்முனைதான் பொடியில் (காரின் உடற்பகுதியில்) பூட்டப்பட்டிருக்கும், இன்றைய கார்களுக்கு நேர்மாறு. கழற்றுமுன் படம் எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பப் பூட்டும்போது கை பழக்கத்தில் மாறிவிடும்.

பற்றரித் தட்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அமிலம். அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், பொங்குவது நின்ற பிறகுதான் துருவைச் சுரண்ட வேண்டும். பிறேக், கிளச் ஒயில் விடும் இடத்தின் கீழே பெயின்ற் உரிந்திருக்கும், அந்த ஒயிலே பெயின்றைத் தின்றது. கசிவை நிறுத்தாமல் அங்கே புதுப் பெயின்ற் அடித்தால் ஒரு மாதத்தில் மறுபடி உரியும்.

நான் அதிகம் காணும் பிழை இன்னொன்று. எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் பட்டி பூட்டும் இடத்திலும் அழகாகப் பெயின்ற் அடித்துவிடுவார்கள். பிறகு ஸ்டார்ட்டர் சுற்றவில்லை என்று வண்டியோடு வருவார்கள். அந்த வட்டத்தை வெறும் இரும்பாக விட்டு, பூட்டிய பின் கிறீஸ் தடவுங்கள்.

ஆணிகளெல்லாம் அங்குல அளவு. அரை அங்குலத் தலைக்கு 13 மில்லிமீற்றர் சாவி போட்டால் பிடிப்பதுபோல் இருக்கும், இறுகிய ஆணி என்றால் மூலைகளை உருட்டிவிடும்.

பரந்தன் பழையவர்

வயர்மன் தம்பி சொன்னது எல்லாம் சரி. காபுரேற்றருக்கும் எக்ஸோஸ்ற்றுக்கும் இடையில் வெப்பம் தடுக்கும் தகடு ஒன்று இருக்கும். அதில் பழைய சாம்பல் நிற அட்டை ஒட்டியிருந்தால் கல்நாராக (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம். தேய்க்கவோ காற்றடிக்கவோ வேண்டாம். நனைத்து, பையில் கட்டி வையும்.

வெறும் தகடாக்கிய றொக்கர் கவர் எங்கள் காற்றில் ஓர் இரவுக்குள் செம்மஞ்சள் பூக்கும். துடைத்த அன்றே பிறைமர் (அடிப்பூச்சு) அடிக்க வேண்டும். தின்னரால் துடைத்த பின் வெறுங்கை படக்கூடாது, விரல் பட்ட இடம் பிறகு அப்படியே பெயின்றில் எழும்பும். மெல்லியதாக மூன்று தரம் அடியும், ஒரே தரத்தில் மூட நினைத்தால் வழியும். சோளகக் காற்றுக் காலத்தில் காலை பனி காய்ந்து வெயில் ஏறியதும் அடித்து, பத்து மணிக்குள் முடித்துவிடும். அதற்குப் பிறகு காற்றுக் கிளம்பித் தூசியைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். மாரியில் அடிக்கவே வேண்டாம். ஈரம் உள்ளே போய்ப் பெயின்ற் பால்போல் வெளிறும்.

எக்ஸோஸ்ற் மனிபோல்டுக்குச் சாதாரண பெயின்ற் நிற்காது, முதல் ஓட்டத்திலேயே புகைந்து உரியும். அதிக வெப்பம் தாங்கும் பெயின்ற் கிடைக்காவிட்டால் துருவை எடுத்துவிட்டு வெறும் இரும்பாக விடும், அது இழிவல்ல. றேடியேற்றருக்கு மெல்லிய கறுப்பு ஒரே தரம், தடித்தால் சூடு வெளியே போகாது.

நிறம் கேட்டால் என் மனதைச் சொல்கிறேன். இப்போது எல்லோரும் றொக்கர் கவரைச் சிவப்பாக்குகிறார்கள், காபுரேற்றர் மணிகளைக் கண்ணாடிபோல் பளபளக்க வைக்கிறார்கள். பெரியப்பா ஓட்டிய கார் எப்படி இருந்ததோ அப்படி வையும். டைனமோவைக் கழற்றி அதன் தாங்கிக்குப் பின்னால் பாரும். வெயிலும் தூரிகையும் படாத இடம், பழைய பெயின்ற் அங்கே இருக்கும். அதைப் பெயின்ற் கடைக்குக் கொண்டுபோய் நிறத்தைச் சேர்க்கச் சொல்லும்.

வட்டக்கச்சியான்

ஐயா, எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் ஆகிவிட்டது, நடந்ததை எழுதுகிறேன்.

டைனமோத் தாங்கியைக் கழற்றினேன். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை இருந்தது. அழுக்கை நகத்தால் மெதுவாக எடுத்தபோது அடுக்கு அடுக்காகக் கழன்றது. மேலே வவுனியாக் கொட்டிலின் சாம்பல் தூசி, அதன் கீழே மல்லாவிப் பாதையின் சிவப்புக் கிரவல், அதன் கீழே மண்ணெண்ணெய்க் கரி, எல்லாவற்றுக்கும் கீழே அந்தப் பச்சை. கிளிநொச்சியில் ஒரு கடையில் மூன்றாம் முறையில் நிறம் சேர்ந்தது.

தேமோஸ்டாற் மூடியில் இரண்டு குழிகள் கடைசிவரை போகவில்லை. ஒன்று ஆணித் துளையின் ஓரம் என்பதால் அதைப் போடத் துணியவில்லை. மைனர் ஒன்றிலிருந்து கழற்றியது யாழ்ப்பாணத்தில் கிடைத்தது, பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கினேன். எர்த் பட்டியின் இடத்தைப் பெயின்ற் அடிக்குமுன் ஒரு ரூபாய்க் குற்றியை ஒட்டி மறைத்துவிட்டேன், வட்டம் அழகாக வந்திருக்கிறது.

முன் காபுரேற்றர் ஒரே நாளில் சரியாகிவிட்டது. பின்னதில் பிஸ்டன் பாதி வழியில் நின்று நின்று இறங்கியது. மூன்று நாள் தின்னர்த் துணியால் துடைத்தேன். நேற்றுப் பின்னேரம் பெரியப்பா மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இப்போது காது மந்தம். நான் பிஸ்டனை உயர்த்தி விட்டேன். அவர் தலையை நிமிர்த்தி, "இன்னொரு தரம் விடு" என்றார்.