சனிக்கிழமை பினாங்கா, சிலாங்கூரா?

கெராமாட்காரன்: நேற்று இங்கே ஒரு சிலாங்கூர் கால்பந்து ரசிகர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "பினாங்கிடம் இருப்பது ஃபிரீ கிக் ஒன்றுதான். அதுவும் ஃபாயிஸ் சுப்ரி போட்டது காற்று போட்ட கோல்" என்கிறார். 2016 பிப்ரவரியில் பகாங்கை 4-1 என்று அடித்தோமே, அந்த ஆட்டத்தில்தான் எங்கள் ஃபாயிஸ் அடித்த ஃபிரீ கிக் நடுவழியில் திசை மாறி கோலுக்குள் போனது. அன்று சிட்டி ஸ்டேடியத்தில் நான் இருந்தேன். கம்பத்தில் கொடி ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்தது காற்று?

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். சிலாங்கூர் பந்தைக் காலிலேயே வைத்து விளையாடும். இரண்டு பக்கத்துத் தடுப்பாட்டக்காரர்களும் மேலே ஏறிவிடுவார்கள். பந்து பறிபோனால் பின்னால் வெட்டவெளி. நாம் நம் கோல் பக்கம் பின்னால் இறங்கி நின்று, பறித்த உடனே அங்கே நீளமாக அடிக்க வேண்டும். மழை பெய்து திடல் ஊறினால் அவர்களுடைய சின்னச் சின்ன பாஸ் எல்லாம் பாதியில் நின்றுவிடும்.

செந்தூல் சிவப்பு: அதை எழுதியவன் நான்தான் அண்ணே. சொன்னது சொன்னதுதான். இறங்கி நின்றால் எங்களுக்குக் கார்னர் மேல் கார்னர். தொண்ணூறு நிமிடமும் உங்கள் ஆட்கள் தலையால் தட்டிக்கொண்டே இருப்பார்களா? 33 முறை மலேசியக் கிண்ணம் எடுத்த குழுவுக்கு இறங்கி நிற்பவனை உடைக்கத் தெரியும். அப்புறம், காற்று இல்லாமல் எந்தப் பந்தும் நடுவழியில் திசை மாறாது.

கெராமாட்காரன்: கடைசியாக எடுத்தது 2015, தம்பி. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

செந்தூல் சிவப்பு: நீங்கள் கடைசியாக எடுத்தது 1974. அப்போது என் அப்பாவுக்கே மீசை முளைக்கவில்லை.

ஆயர் ஈத்தாம் அக்கா: கிண்ணக் கணக்கை விடுங்கள். ஃபாயிஸ் எங்கள் ஆயர் ஈத்தாம் பிள்ளை. அவரைக் குறைத்துப் பேசினால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

செந்தூல் சிவப்பு: அக்கா, அது கெடாவில் இருக்கும் ஆயர் ஈத்தாம். ஆள் கெடாக்காரர். கோலும் உங்களுடையது இல்லை, ஆளும் உங்களுடையவர் இல்லை.

கெராமாட்காரன்: எங்கே பிறந்தால் என்ன, போட்டிருந்தது பினாங்கு ஜெர்சி. 2017 ஜனவரியில் சூரிக்கில் புஷ்காஷ் விருது வாங்கினார், ஆண்டின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா கொடுப்பது. 59 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டு. உலகமே பார்த்து ஓட்டுப் போட்ட கோலைச் செந்தூலில் உட்கார்ந்து காற்று என்கிறீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கீப்பர்: நான் பத்து வருடம் கோல் காத்தவன். அதனால் சொல்கிறேன். பக்கக்காற்று அடித்தால் பந்து ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும். அதைக் கணித்துவிடலாம். சுழலாமல் வரும் பந்துதான் ஆபத்து. அதைச் சுற்றி ஓடும் காற்று ஒரு பக்கம் முன்னால் பிரியும், மறுபக்கம் பின்னால் பிரியும். பந்து திடீரென்று ஒதுங்கும். இடது காலில் எடையைப் போட்டிருப்பேன், பந்து வலது தோளைத் தாண்டியிருக்கும். சனிக்கிழமை சிலாங்கூர் தன் பெனால்டி பெட்டிக்கு வெளியே ஃபவுல் கொடுக்கக் கூடாது. விஷயம் அவ்வளவுதான்.

செந்தூல் சிவப்பு: பார்த்தீர்களா, கீப்பர் அண்ணனே காற்று என்கிறார்!

கெராமாட்காரன்: அவர் சொன்னது வேறு காற்று! நீங்கள் சொன்னது அடிக்கிற காற்று.

செந்தூல் சிவப்பு: நான் காற்று என்றுதான் எழுதினேன். மேலே போய்ப் பாருங்கள். இன்னொன்று, எங்கள் ஆறுமுகம் அன்று கோலில் நின்றிருந்தால் அந்தப் பந்தைப் பிடித்திருப்பார். ஸ்பைடர்மேன் என்று சும்மாவா கூப்பிட்டார்கள்?

பிரிக்பீல்ட்ஸ் கீப்பர்: ஆறுமுகத்தை இதில் இழுக்காதீர்கள். 1988இல் அவர் விபத்தில் போனபோது எங்கள் வீட்டில் அன்று சமைக்கவில்லை. அவர் நாட்டுக்கே கீப்பர்.

செந்தூல் சிவப்பு: நாட்டுக்குத்தான். ஆனால் சிலாங்கூர் கீப்பர்.

கெராமாட்காரன்: ஆறுமுகம் என்றால் நானும் எழுந்து நிற்பேன். ஆனாலும் அந்தப் பந்தை அவராலும் தொட்டிருக்க முடியாது. கொடி அசையவில்லை. மறுபடியும் சொல்கிறேன், கொடி அசையவில்லை. போன வருடம் தோற்றதும் மூன்று நாள் இங்கே தலைகாட்டாதவர் எனக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

செந்தூல் சிவப்பு: எனக்குக் காய்ச்சல். அப்போதே சொன்னேன்.

கெராமாட்காரன்: சனிக்கிழமை நேரில் வாருங்கள். டத்தோ கெராமாட் சாலைப் பக்கத்து வாசலில் நிற்பேன். கொடிக்கம்பத்தைக் காட்டுகிறேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா: கெடாவிலும் ஒரு ஆயர் ஈத்தாம் இருக்கிறது என்று யார் சொன்னது?