மேல்முறையீட்டு ஆய்வு அதிகாரிகளுக்குப் பயிலரங்கு: பணம் யார் கொடுப்பது, எப்படி நடத்துவது?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூரில் சனிக்கிழமை ஒரு நாள் பயிலரங்கு நடத்த நாங்கள் நாலு பேர் திட்டம் போட்டிருக்கிறோம். மேல்முறையீட்டுக் கோப்புகளைப் படித்து நீதிபதிகளுக்கோ மூத்த வழக்கறிஞருக்கோ குறிப்பு எழுதுகிறவர்களுக்காக. மொத்தம் 40 பேர்: சட்ட நிறுவனங்களிலிருந்து 25 இளம் வழக்கறிஞர்கள், நீதிமன்ற ஆய்வு அதிகாரிகள் 15 பேர். எச்.ஆர்.டி. கார்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) லெவியிலிருந்து, அதாவது ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் தொகையிலிருந்து, செலவை எடுக்கலாமா? இரண்டு நிறுவனங்கள் மொத்தச் செலவையும் ஏற்பதாகச் சொல்கின்றன, வாங்கிக்கொள்ளலாமா? ஒரு நாளில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

பங்சார் கணக்கு:
லெவி விஷயம் முதலில். 10 அல்லது அதற்கு மேல் மலேசியத் தொழிலாளர் உள்ள நிறுவனம் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டுகிறது. 5 முதல் 9 பேர் என்றால் விருப்பப் பதிவு, 0.5 விழுக்காடு. 2021 மார்ச்சுக்குப் பிறகு சட்ட நிறுவனங்களும் இதற்குள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பணம் அந்த முதலாளியின் சொந்த ஊழியருக்கு மட்டும்தான். உங்கள் 25 பேருக்கு அவரவர் நிறுவனம் விண்ணப்பிக்கலாம். நீதிமன்ற அதிகாரி ஒருவருக்குக்கூட அதில் காசு போக முடியாது.

பலர் சறுக்கும் இடம் நேரம்தான். மானிய விண்ணப்பத்துக்கு ஒப்புதல் வந்த பிறகே பயிற்சி தொடங்கவேண்டும். நடத்தி முடித்துவிட்டு ரசீதோடு போனால் தள்ளுபடி. பயிற்சி நடத்துபவர் எச்.ஆர்.டி. கார்ப்பில் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும், வகுப்பும் லெவியில் செலவு கோரக்கூடியதாகப் பதிவாகியிருக்கவேண்டும். நீங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து நடத்துவதாக இருந்தால், பதிவு பெற்ற பயிற்சி நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து செய்வதுதான் வழி. முழு நாள் என்று கேட்க 7 மணி நேரப் பயிற்சி வேண்டும். காலை 9.30-க்கு ஆரம்பித்து 4 மணிக்கு முடித்தால், சாப்பாட்டு நேரத்தைக் கழித்ததும் அரை நாள் கணக்குதான் மிஞ்சும். வருகைப் பதிவேட்டில் காலையும் மாலையும் தனித்தனிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஜாலான் டூத்தா:
இரண்டு நிறுவனங்கள் மொத்தச் செலவையும் ஏற்பது, தயவுசெய்து வேண்டாம். அந்த நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் நாளைக்கு அதே நீதிமன்றத்தில் நிற்பார்கள். அவர்கள் காசில் சாப்பிட்டு, அவர்கள் பெயர் போட்ட பையைத் தூக்கிக்கொண்டு போன அதிகாரி அவர்கள் கோப்புக்கே குறிப்பு எழுதுவார். உள்நோக்கம் எதுவும் இல்லை என்றாலும் வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது நல்லதாகப் படாது. பொதுச் சேவையில் பரிசு வாங்குவதும் கொடுப்பதும் பற்றிய விதிகள் 1998-இன் 3-ஆம் எண் சுற்றறிக்கையிலேயே வந்தன. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் லஞ்சத்துக்கு நிறுவனங்களையே பொறுப்பாக்குகிறது. இரண்டு பக்கமும் சிக்கல்.

நேர்மையான வழி, இரண்டு பணப்பைகளாகப் பிரிப்பது. தனியார் பங்கேற்பாளர் கட்டணம் அல்லது லெவி ஒரு பக்கம். 15 அதிகாரிகளின் செலவு அரசுப் பயிற்சி ஒதுக்கீட்டிலிருந்து. அரசு ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி என்ற கொள்கை 2005-லேயே வந்தது, ஆகவே அவர்கள் வருவதற்குக் காரணம் உண்டு. பாங்கி நகரில் உள்ள இல்காப் (நீதி, சட்டப் பயிற்சிக் கழகம்) நீதி, சட்டச் சேவை அதிகாரிகளுக்குப் பயிற்சி நடத்தும் இடம். அவர்களோடு சேர்ந்து நடத்துவது கதவை எளிதாகத் திறக்கும்.

தனித்தனி அதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பாதீர்கள். தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கடிதம், குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக. பாடத்திட்டம், பேச்சாளர் பெயர், செலவு யார் தருகிறார், யார் நடத்துகிறார் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். நீதிபதி ஒருவரைப் பேச அழைப்பதும் அதே பாதைதான். 2009 நீதிபதிகள் நன்னடத்தைக் கோட்பாட்டுக்குள் அவர் இருக்கிறார், அதனால் நிலுவையில் உள்ள வழக்கைத் தொடும் கேள்விகளை முன்கூட்டியே வடிகட்டுங்கள்.

பினாங்கு நூலகம்:
அமெரிக்காவில் இந்த வேலை செய்பவர்களுக்கென்றே மேல்முறையீட்டு நீதிமன்றப் பணி வழக்கறிஞர்கள் மன்றம் இருக்கிறது, ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துகிறது. மாநில நீதிமன்றப் பணியாளர் கல்விக்கு 1984-இல் சட்டத்தால் ஏற்பட்ட ஸ்டேட் ஜஸ்டிஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு உதவித்தொகை தருகிறது. அந்தப் பணம் பொதுப் பணம். ஜாலான் டூத்தா அண்ணன் சொன்ன பிரிவினையின் நியாயம் அங்கேயும் அதேதான்.

பாடத்துக்கு வருகிறேன். காலை முழுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: மேல்முறையீட்டு நீதிமன்றம் எப்போது தலையிடலாம்? விசாரணை நீதிமன்றம் உண்மை எது என்று கண்டதில் 'தெளிவான தவறு' இருந்தால்தான் தலையிடலாம் என்ற அளவுகோல், கான் யூக் சின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்னது, அதை ஆழமாகப் பார்க்கட்டும். பிறகு நீதிமன்றச் சட்டம் 1964-இன் 68-ஆம் பிரிவு, கோரும் தொகை 250,000 ரிங்கிட்டுக்குக் கீழ் என்றால் மேல்முறையீட்டுக்கு அனுமதி தேவை என்பது. கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய 96-ஆம் பிரிவு அனுமதியை அரை மணி நேரம் தொட்டுவிட்டு விடுங்கள்.

மதியம் பேச்சே வேண்டாம், எழுத்து. முடிந்துபோன ஒரு மேல்முறையீட்டின் ஆவணத் தொகுப்பை 60 பக்கமாகச் சுருக்கிக் கொடுங்கள். 6 பேர் ஒரு மேசை, மேசைக்கு ஒரு வழிகாட்டி, 90 நிமிடத்தில் 4 பக்கக் குறிப்பு. பெரும்பாலும் கோளாறு ஒரே இடத்தில் வரும்: மூன்று பக்கம் நடந்த கதை, பிரச்சினை என்ன என்பது கடைசிப் பத்தியில். அதனால் முதல் பத்தியில் பிரச்சினை, இரண்டாவதில் எந்த அளவுகோல் என்று விதி வைத்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்கும் வழக்கில் கூட்டரசு நீதிமன்ற அனுமதிக்கான கெடுவும் தீர்ந்திருக்கவேண்டும். இன்னும் நடக்கும் வழக்கின் கோப்பை மேசையில் வைப்பது பெரிய தவறு.

செந்தூல்வாசி:
மிக்க நன்றி. நிறுவனங்களின் பணத்தை 25 பேர் பக்கத்துக்கு மட்டும் ஒதுக்கிவிடுகிறேன், அதிகாரிகளுக்குத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துக்குக் கடிதம். இடம் ஹோட்டலா, வேறா?

பங்சார் கணக்கு:
ஹோட்டல் விலையில் 'ப்ளஸ் ப்ளஸ்' பாருங்கள். தலைக்கு 150 ரிங்கிட் என்றால் 40 பேருக்கு 6,000 என்று எழுதிவிடுவீர்கள். சேவைக் கட்டணம் 10 விழுக்காடே 600, அதற்கு மேல் சேவை வரி. 2024 மார்ச் முதல் பொதுவாக 8 விழுக்காடு, உணவுக்கு 6-இலேயே நின்றது, ஆகவே மண்டப வாடகை, அறை, சாப்பாடு மூன்றையும் பில்லில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அதிகாரிகள் 15 பேருக்குத் தனி பில். உத்தரவாத எண்ணிக்கையை 34-க்கு மேல் கொடுக்காதீர்கள். வராதவர் தட்டுக்கும் காசு கட்டவேண்டியிருக்கும், வந்தவர் கூடினால் ஹோட்டல் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

ஜாலான் சுல்தான் ஹிஷாமுடினில் ஆசிய அனைத்துலக நடுவர் மன்ற மையத்திலும் கருத்தரங்கு அறைகள் உண்டு, விசாரித்துப் பாருங்கள். ஜாகிம் (இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஹலால் சான்றிதழ் உள்ள சமையல், சைவத்துக்குத் தனி மேசை, இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தேதி நோன்பு மாதத்திலோ தைப்பூச வாரத்திலோ விழாமல் பாருங்கள்.

ஜாலான் டூத்தா:
ஒன்று விட்டுப்போனது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இருக்கும் புத்ராஜெயாவிலிருந்து வருபவர்களுக்கு கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலோ எம்ஆர்டி ரயிலோ வசதி, அதனால் நிலையத்துக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். கார் நிறுத்தச் செலவை யார் தருவது என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.