புரோமோ எரிமலைக்குச் சைக்கிளில்: எந்த டயர், எந்தக் கியர்?

கேள்வி (சுங்கை சிப்புட்):
ஜாவாவில் புரோபோலிங்கோவிலிருந்து புரோமோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலுள்ள செமோரோ லாவாங் கிராமத்துக்கு ஏறி, எரிமலையைச் சுற்றியுள்ள மணல்வெளியைக் கடக்கணும். இங்கே செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓட்டும் 1.75 அங்குல டயர் போதுமாண்ணே?

பதில் 1:
போதாது தம்பி. காய்ந்த எரிமலை மணலில் முன்சக்கரம் புதைந்து திரும்பிக்கொள்ளும். 2.2 அங்குலத்துக்குக் குறையாமல் போடுங்க. மணலில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். டியூப் என்றால் அதற்குக் கீழே வேண்டாம், கல்லில் இடித்து நசுங்கி ஓட்டையாகும். விடியற்காலை ஈரத்தில் மணல் இறுகியிருக்கும், அப்போதே கடந்திடுங்க.

பதில் 2:
ஏற்றம் ஏறக்குறைய 2,200 மீட்டர். முன் பற்சக்கரத்தில் 22 பல், பின்னே பெரிய பற்சக்கரத்தில் 36 பல் இருந்தால்தான் சுமையோடு மிதிக்க முடியும். சங்கிலியைத்தான் முக்கியமாகக் கவனிக்கணும்: சாம்பலில் கண்ணாடித் துகள் உண்டு, எண்ணெயோடு சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி அரைக்கும். தினமும் உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, எண்ணெய்க்குப் பதில் மெழுகு வகை மசகு மட்டும் போடுங்க.