வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: 'ட்ராமா இன்ஃபார்ம்ட் கேர்'

மலர்:
அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ப் பாலர் பள்ளித் தமிழாசிரியர்களுக்கும் உதவியாசிரியர்களுக்குமான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, தலைப்பே இன்னும் முடியவில்லை. வீட்டில் அடிதடி, அப்பா சிறையில், ஆளுக்கொரு மாதம் வளர்க்கிறார்கள் என்ற நிலையிலிருந்து வரும் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான் பயிற்சி. ஆங்கிலத்தில் இதைத்தான் 'ட்ராமா இன்ஃபார்ம்ட் கேர்' என்கிறார்கள். இப்போதைக்கு 'அதிர்ச்சிசார் பராமரிப்பு' என்று போட்டிருக்கிறேன். எனக்கே ஒட்டவில்லை.

ரஃபீக்:
படித்ததும் மின்னதிர்ச்சிதான் நினைவுக்கு வந்தது: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி மின்பெட்டியில் உள்ள மண்டையோடு கண்முன் நின்றது. அதிர்ச்சி என்றால் ஒரு நொடியில் வந்து போவது. இத்துறைக்கு அடித்தளமிட்ட 1998ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். 9,508 பெரியவர்களிடம் அவர்களுடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஏழு வகைத் துன்பங்கள்: அவற்றில் குடிகாரரோடு ஒரே வீட்டில் வாழ்வதும் உண்டு, தாய் அடிபடுவதும் உண்டு. இதெல்லாம் அதிர்ச்சியா? தினசரி வாழ்க்கை!

வேலு:
ரஃபீக் தம்பி சொல்வது சரி. சொல்லுக்கு ஏன் அலைகிறீர்கள்? தொல்காப்பியர் உரியியலில் 'விழுமம்' என்கிறார். சீர்மை, சிறப்பு, இடும்பை மூன்றும் அதன் பொருள். ஒரே சொல்லில் சிறப்பும் துன்பமும்! 'விழுமம் உணர் பேணல்' என்று வையுங்கள். விழு என்னும் வேரிலிருந்து விழுப்புண், விழுப்பம், விழுத்தகை எல்லாம் கிளைத்தன. போரில் மார்பில் பட்டது விழுப்புண். இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா?

கலா:
அனுப்புங்கள் ஐயா, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு. 'விழுமியம்' என்றால் இங்கே எல்லாருக்கும் நற்பண்புதான். விழுமம் என்று எழுதினால் நன்னெறி வகுப்பு என்று நினைத்து வந்து உட்காருவார்கள். 'பேணல்' வேண்டாம். தாதிமையில் தொடங்கி முதியோர் இல்லம்வரை எல்லா இடத்திலும் 'பராமரிப்பு' நிலைத்துவிட்டது.

என் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தான். மதியம் மெத்தை விரித்து விளக்கை அணைத்ததும் எழுந்து போய்க் கதவோரம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வான். பிஸ்கட்டைப் பாதி தின்றுவிட்டு மீதியைக் காலுறைக்குள் செருகிவைப்பான். புதிய உதவியாசிரியர் 'அடம்' என்று குறிப்பேட்டில் எழுதினார். அந்த 'அடம்' அழிய எந்தச் சொல் உதவுமோ அதுதான் எனக்கு வேண்டும்.

ரஃபீக்:
அப்படியானால் 'மனவடு'. தமிழ்நாட்டு ஏடுகளில் பழகிய சொல். 'சார்' கூடாது, மருத்துவம் பார்ப்பதுபோல் ஆகிவிடும். ஆசிரியர் சிகிச்சை தரப்போவதில்லை. நடந்திருக்கக்கூடியதைத் தெரிந்துகொண்டு நடக்கிறார், அவ்வளவே. 'மனவடு அறிந்த பராமரிப்பு'.

மலர்:
'அறிந்த' பிடித்திருக்கிறது. ஆனால் வடுவில் ஒரு சிக்கல். தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறும், நாவினால் சுட்ட வடு ஆறாது என்று வள்ளுவரே பிரித்துவைத்துவிட்டார். மூன்று வயதுப் பிள்ளையின் மனத்தில் வடு என்று எழுதினால், இனி ஆறாது என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம். பயிற்சியோ நேர்மாறாகச் சொல்கிறது: மாறாத நேர ஒழுங்கு, அறிந்த முகம், மூலையில் நிறுத்தித் தண்டிக்காமை இவையிருந்தால் பிள்ளை தேறும். 2014இல் அமெரிக்க அரசு அமைப்பொன்று வெளியிட்ட நெறிமுறையிலும், இருக்கும் காயத்தை நாமே மறுபடி கிளறாதிருப்பது ஒரு கூறு. வடுவை எப்படிக் கிளறுவது? 'மனக்காயம்' என்றால் பொருந்துகிறதே.

(மாவடுவை யாரும் இழுக்கவேண்டாம்.)

வேலு:
காயம் தமிழா? தெலுங்கில் காயமு, கன்னடத்தில் காய. சித்தர் பாட்டில் காயம் என்றால் உடம்பு. மனவுடம்பு அறிந்த பராமரிப்பா? சமையலறையில் இன்னொரு காயம் வேறு. புரியாது புரியாது என்கிறீர்கள். 'மின்தூக்கி'யையும் ஒரு காலத்தில் சிரித்தார்கள். இன்று அடுக்குமாடி தோறும் அதுதான்.

கலா:
ஐயா, மின்தூக்கி என்ற பலகை மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தினால் பொருள் வந்து நிற்கும். விழுமத்துக்கு அந்த வசதி இல்லை.

ரஃபீக்:
வடுவை விட்டுக்கொடுக்கிறேன், மனமில்லாமல். 'உளக்காயம்' என்றால் கொஞ்சம் கலைச்சொல் வாடை வருமே?

மலர்:
உதவியாசிரியர்களில் பாதிப்பேர் இங்கேயே படித்தவர்கள். 'உளம்' பாடநூலோடு போய்விட்டது, 'மனம்' வீட்டில் இருக்கிறது. கையேட்டில் 'மனக்காயம் அறிந்த பராமரிப்பு' என்று போகிறது. மூவர் சரி, ஒருவர் எதிர்ப்பு, மற்றவர்கள் வழக்கம்போல் மௌனம். பெற்றோருக்கான கடிதத்தில் இந்தச் சொல்லே வராது. 'உங்கள் பிள்ளைக்கு அண்மையில் வீட்டில் ஏதும் மாற்றம் நேர்ந்திருந்தால் எங்களிடம் சொல்லலாம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். காயம் என்று அச்சிட்டுக் கையில் கொடுத்தால் எந்த அம்மாவும் வாய் திறக்கமாட்டார்.

வேலு:
கடிதம் நன்று. 'ஏதும்' இருக்கட்டும், 'அண்மையில்' வேண்டாம்: பழைய மாற்றத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். கையேட்டின் இரண்டாம் பதிப்பில் விழுமத்தை அடைப்புக்குறிக்குள்ளாவது போடவேண்டும். கட்டுரையைத் தனியஞ்சலில் அனுப்பியிருக்கிறேன், நாற்பது பக்கம்தான்.