குறைமாதப் பிள்ளைக்கு வைட்டமின் டி: இளவெயில் போதுமா?

இரட்டையரின் அம்மா:
30 வாரத்துல பிறந்த பிள்ளைங்க. இப்போ ஆளுக்கு 2 கிலோ. தினம் 400 ஐ.யூ. (வைட்டமினை அளக்கற அலகு) வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்காங்க. மாமியார், "பச்சைப்பிள்ளைக்கு மருந்தா? எண்ணெய் தேய்ச்சு இளவெயில்ல காட்டு"ங்கிறாங்க.

தஞ்சாவூர்க்காரி:
அவங்க சொல்றதுதான் சரி. என் மூணு பிள்ளையும் இளவெயில்ல வளர்ந்ததுதான். ஒருத்தருக்கும் கால் வளையல.

பச்சிளங்குழந்தை வார்டு நர்ஸ்:
அக்கா, உங்க மூணும் நிறைமாசம்தானே? எலும்புக்கான கால்சியம், பாஸ்பரஸ்ல சுமார் 80 சதவீதம் கடைசி மூணு மாசத்துலதான் தாய்கிட்டேருந்து பிள்ளைக்குப் போகுது. இந்த ரெண்டு பிள்ளையும் அந்த மூணு மாசம் முடியறதுக்கு முன்னாடியே வெளிய வந்துடுச்சு. தாய்ப்பாலுக்கு ஈடே இல்ல, நிறுத்தவே கூடாது. ஆனா ஒரு லிட்டர் பால்ல வைட்டமின் டி பெரும்பாலும் 80 ஐ.யூ.கூட இருக்காது. இதுங்க ஒரு நாளைக்குக் குடிக்கிறதோ அரை லிட்டருக்கும் கம்மி. இளவெயில்ல வைட்டமின் டி தர்ற புறஊதா பி கதிர் ரொம்பக் குறைவு. அது நல்லா வர்ற உச்சி வெயிலை இந்தத் தோல் தாங்காது. துணியை அவிழ்த்துக் காட்டினா உடம்பும் சில்லிட்டுடும்.

தஞ்சாவூர்க்காரி:
நிறைமாசம்தான், ஒத்துக்கறேன். ஆனா டி கூடிப்போனா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னி கெடும்னு சொல்றாங்களே? அந்தப் பயம் பொய்யா?

கோவை அப்பா:
கூடுறதை விடுங்க, 400 பத்துமான்னு கேளுங்க. ஐரோப்பாவோட குழந்தைகள் ஊட்டச்சத்து மருத்துவர் சங்கமான எஸ்பகன் 2010லயே 800லேருந்து 1000 வரைன்னு சொல்லிடுச்சு. என் பிள்ளைக்கு 800தான்.

நர்ஸ்:
அதே சங்கம் 2022ல எடைக்கணக்கா மாத்திடுச்சு: கிலோவுக்கு 400 முதல் 700, மொத்தம் 1000க்குள்ள. அது பால், ஃபார்ட்டிஃபையர் (தாய்ப்பால்ல கலந்து கொடுக்கற சத்து மருந்து) எல்லாம் சேர்த்த கணக்கு. இன்னொண்ணு, ஒன்றரை கிலோவுக்குக் கீழ பிறந்ததுங்களுக்கு எலும்பு நலியறதுக்கு முதல் காரணம் பெரும்பாலும் பாஸ்பரஸ் பத்தாததுதான். டி சொட்டை மட்டும் ஏத்தி அதைச் சரிபண்ண முடியாது. ரத்தத்துல பாஸ்பரஸ், ஏ.எல்.பி. (எலும்பு நலிஞ்சா ஏறுற ஒரு நொதி) பாத்தாங்களான்னு கேளுங்க.

கோவை அப்பா:
சரி, வீட்டுக்கு வந்ததும் ஃபார்ட்டிஃபையரை நிறுத்திடறாங்க. அப்புறமும் அதே 400ன்னா எனக்கு ஒப்பல.

நர்ஸ்:
அந்த இடத்துல நீங்க கேக்கறது நியாயம். ரத்தத்துல அளவு பாத்துதான் கூட்டணும், நம்மளா கூட்டக்கூடாது. அக்கா சொன்ன பயமும் பொய்யில்ல. பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தி மாறும்: ஒண்ணுல 1 மி.லி.க்கு 400, இன்னொண்ணுல 800.

இரட்டையரின் அம்மா:
இப்பதான் பாட்டிலை எடுத்துப் பாத்தேன். 1 மி.லி.க்கு 800. ரெண்டு பேருக்கும் நாலு நாளா 1 மி.லி. கொடுத்திருக்கேன்.

நர்ஸ்:
பதறாதீங்கம்மா. நாலு நாள் 800ல ஒண்ணும் ஆகிடாது. அடுத்த வேளை கொடுக்கறதுக்கு முன்னாடி டாக்டருக்கு ஃபோன் போட்டு, பாட்டில்ல இருக்கறதை அப்படியே படிச்சுக் காட்டுங்க.