கூத்து ஜமாவுக்கு டெல்லி மானியம்: கேட்கலாமா, வேண்டாமா?

ஓமலூரான்:
சேலம் மாவட்டத்தின் ஓமலூர், மேச்சேரி, எடப்பாடி பக்கத்துக் கூத்து ஜமாக்கள் (தெருக்கூத்து ஆடும் குழுக்கள்) ஒன்றியக் கலாச்சார அமைச்சகத்தின் குரு–சிஷ்ய மானியத்துக்குக் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. குருவுக்கு மாதம் ரூ.15,000. அவருக்குக் கீழே 18 சிஷ்யர் வரை, வயதைப் பொறுத்து ஆளுக்கு ரூ.2,000 முதல் ரூ.10,000. ஆடி தாண்டினால் திருவிழா ஓய்ந்துவிடும். பையன்கள் தறிக்கோ, திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ கிளம்பிவிடுவார்கள். அடுத்த பங்குனிக்குத் திரும்பி வருவார்களா என்பது வாத்தியாருக்கே தெரியாது.

முகவீணை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கூத்து வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற பாடமில்லை. பையன் முதலில் பின்பாட்டுக்கு நிற்பான், பிறகு சின்ன வேஷம், பெண் வேஷம். கர்ணனும் துரியோதனனும் கைக்கு வர வருஷக்கணக்காகும். மானியம் கொடுக்கும் முன் பார்வையிட வருபவர்களுக்குக் காட்ட அரை மணி நேர மேடை நிகழ்ச்சி போதும் என்று பழகிவிட்டால், பாரதப் போரின் கடைசி நாளை விடிய விடிய ஆடும் பதினெட்டாம் போர் என்ன ஆகும்?

காகித வேலையையும் பாருங்கள். சங்கப் பதிவு, சங்கத்தின் பெயரில் பான், தர்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான ஒன்றிய அரசு இணையதளத்தின் பதிவு எண்), தணிக்கை செய்த கணக்கு, செலவானதும் பயன்பாட்டுச் சான்று. மானியம் வங்கியில் கிடந்தபோது சேர்ந்த வட்டியைக்கூட அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆடிட்டர் கூலியை எந்த ஜமா கொடுக்கும்?

சேர்வராயன்:
அதே அமைச்சகத்தில் சங்கமே இல்லாமல் கிடைப்பதை முதலில் வாங்குங்கள். 60 வயது நிறைந்து, ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்கும் கலைஞருக்கு மாதம் ரூ.6,000 வரை உண்டு. 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு இளம் கலைஞர் உதவித்தொகை மாதம் ரூ.5,000, இரண்டு ஆண்டுக்கு. குறைந்தது ஐந்து ஆண்டு குருவிடம் பயின்றிருக்க வேண்டும். ஜமாவோடு வளர்ந்த பையனுக்கு அது பெரிய தடையில்லை.

மாட்டிக்கொள்வது பெயரில்தான். ஆதாரில் 'மு. பெரியசாமி', பாஸ்புக்கில் 'பெரியசாமி எம்', வருமானச் சான்றில் 'பெரியசாமி' என்று இருந்தால் கணினிக்கு மூன்றும் வேறு ஆள். ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள், அதே எழுத்தில் வங்கிக் கணக்கு, கடைசியாக இ-சேவையில் வருமானச் சான்று. வரிசை மாறினால் சான்றை மறுபடி வாங்க நேரும். நெடுநாள் வரவு செலவில்லாமல் முடங்கிய கணக்கு என்றால் பணம் திரும்பிப் போய்விடும். முதியவர்கள் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்கத் தவறக் கூடாது.

ஓமலூரான்:
முகவீணை அண்ணே, இரவு சுருங்குவதற்கு மானியம் காரணமில்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு மாநில அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேல் கிடையாது. கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியங்காரன் பேசி, முதல் வேஷம் திரைக்குப் பின்னாலிருந்து பாடி வெளியே வருவதற்குள்ளேயே மணி பதினொன்றைத் தொட்டுவிடும்.

முகவீணை:
அப்படியானால் டெல்லியிடம் கேட்க வேண்டியது அதைத்தானே? அது ஒன்றிய அரசின் விதி. பங்குனியில் தொடங்கி ஆடிவரை ஊர் ஊராக நடக்கும் கூத்துக்கு 15 நாள் எந்த மூலைக்கு? ஊர் வரி போட்டுக் கூத்து வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆட விட்டாலே ஜமாவுக்கு வருமானம்.

ஓமலூரான்:
கேளுங்கள், கையெழுத்துப் போட நானும் வருகிறேன். விதி திருந்தும்வரை ஆவணி முதல் மாசிவரை அந்தப் பையனின் சாப்பாட்டுக்கு வழி சொல்லுங்கள்.

சேர்வராயன்:
இளம் கலைஞர் உதவித்தொகை ஆறு மாதத் தவணையாகத்தான் வரும், அதனால் ஆவணிச் செலவுக்கு அதை நம்பி உட்கார முடியாது. கையெழுத்து வாங்கப் போகும்போதே யார் யாருக்கு ஆதார் பெயர் திருத்த வேண்டும் என்றும் எழுதி வாருங்கள்.